இறால் ஓட்டுச் சர்க்கரை

"டாக்டர்... ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

பல் மருத்துவமனைத் தாதி அலறியபோது காலை மணி பதினொன்று.

நாலு மணிக்குப் புரொபசர் பிணமாகிவிட்டார். பிடுங்கியது ஒரே ஒரு கடைவாய்ப் பல்!

செய்தி பரவியதும் புரொபசரின் மாணவர்கள் மருத்துவமனைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். பல் டாக்டர் ஸ்டேஷன் பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்தார்.

"இருபது வருஷத் தொழில் மேடம்... சத்தியமா என் கை தப்பு பண்ணல."

பெண் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். பிரேதப் பரிசோதனை அறிக்கை அவளை அரித்தது. விஷம் இல்லை. நோய் இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதம் மட்டும் அறவே இல்லை. ஈரல் அதைச் செய்யவே மறந்துவிட்டதைப் போல...

மறுநாள் புரொபசரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அவரோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த விஞ்ஞானி வரவேற்றாள். அழுது வீங்கிய கண்கள்.

"இங்க என்னம்மா ஆராய்ச்சி?"

"ஜீனை ஊமையாக்குறது மேடம். ஒரு ஜீன் தப்பான கட்டளை கொடுத்தா, அதோட வாயை மட்டும் அடைக்கிற மருந்து. தனியா போனா வழியிலேயே சிதைஞ்சிடும். அதனால இறால் ஓட்டுலேர்ந்து எடுக்குற சர்க்கரையில பொதிஞ்சு அனுப்புறோம். கண்ணுக்கே தெரியாத உருண்டை. நேரா செல்லுக்குள்ள போயிடும்."

"நல்ல ஜீனோட வாயை அடைச்சா?"

விஞ்ஞானி தயங்கினாள்.

"ஆள் நல்லாத்தான் இருப்பார்... காயம் படுற வரைக்கும்."

இன்ஸ்பெக்டருக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை நினைவுக்கு வந்தது.

"அந்த உருண்டை உடம்புல சிக்குமா?"

"ரெண்டே நாள்ல கரைஞ்சிடும். ஜீன் மட்டும் வாரக்கணக்குல வாயே திறக்காது. தடயமே இருக்காது. பாவம் மேடம் புரொபசர்... சளிக்கு ஊசின்னு நம்பித்தானே கையை நீட்டினார். எந்தப் படுபாவியோ..."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"சளி ஊசியா?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள். "போன வாரம் அவர் வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட மட்டும் சொன்ன விஷயம் அது. யார் போட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

விஞ்ஞானியின் முகம் வெளிறியது.

"பன்னிரண்டு வருஷம் இறால் ஓட்டை அரைச்சவ நான். கண்டுபிடிப்புல என் பேரே இல்ல. கேட்டேன்... சிரிச்சார்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"அவர் ஜீனோட வாயை அடைச்சீங்க, சரி. உங்க வாய்க்கும் ஒரு ஊசி போட்டிருக்கக் கூடாதா?"