தகரத்தில் ஒட்டிய தோல்

தகரத் தட்டு இன்னும் சூடாகவே இருந்தது. அதன் அடியில் ஸ்பிரிட் விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. தட்டின் மேல் வைத்திருந்த இரண்டு கண்ணாடித் தகடுகளைத்தான் காணவில்லை.

சரஸ்வதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தகடுகளைப் பிடிக்கும் இடுக்கி அவள் கையில் இருந்தது. முற்றத்திலிருந்து கங்காணி கூப்பிட்டபோது, கீழே வைக்க மறந்து அதோடு வெளியே போயிருந்தாள். தரையைக் குனிந்து பார்த்தாள். ஒரு சில்லுகூட உடைந்து கிடக்கவில்லை.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம். இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி. காலை பத்தே கால் மணி.

அவள் கணவர் லிங்கம் அங்கே மருந்து கலந்து கொடுப்பவர். லயத்து வரிசை அறைகளில் குடியிருக்கும் கூலிச் சனத்துக்கு அவர்தான் டாக்டரய்யா. பதுளையில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணான சரஸ்வதி, பெண் நோயாளிகளைக் கவனிக்க அவருக்கு உதவப் போய், மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் பழகியிருந்தாள். காணாமல் போன தகடுகளில் இருந்தது, லிங்கம் சொன்னபடி, பூவம்மாவின் கையிலிருந்து கீறி எடுத்த தோல் நீர்; ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரண்டு. கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணின் முன்கையில் வெளிறிய படை ஒன்று பரவியிருந்தது. சிவப்புச் சாயம் விட்டுச் சூடு காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பெருவியாதிக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பதுளையிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்து, இருக்கிறது என்று சொன்னால் பூவம்மாவைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்பியதில்லை. அவள் இடுப்பில் பால் குடிக்கும் பெண் குழந்தை ஒன்று இருந்தது.

கூலியாட்களை மேற்பார்க்கும் கங்காணி வீரய்யா சொல்ல வந்த செய்தியும் அந்தப் பெரிய டாக்டரைப் பற்றித்தான். "நாளைக்கு வாறேன்னவரு இன்னைக்கே வாறாராம்மா. மூணு மணிக்கெல்லாம் இங்க இருப்பாரு." அவருடைய குரல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்.

சரஸ்வதி முன்னறைக்குப் போனாள். லிங்கம் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். வலது கை கோட்டுப் பையில் இருந்தது.

"தகடு ரெண்டையும் காணோங்க. நீங்க எடுத்தீங்களா?"

"நான் இங்கதான மருந்து மடிச்சுக்கிட்டிருக்கேன்."

"வேற யாராவது உள்ள வந்தாங்களா?"

"நடையில பூவம்மா உக்காந்திருந்தா."

பின்னால் வந்த கங்காணிக்கு அது போதுமானதாக இருந்தது. "வேற யாரு எடுப்பா? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சிருக்கும்."

"தட்டு நெருப்பாக் கொதிக்குது, கங்காணி. இடுக்கி எங்கிட்ட இருந்துச்சு. வெறுங்கையால எப்படி எடுத்திருப்பா?"

"கொழுந்து பறிக்கிற கைக்கு என்னம்மா சூடு? விடிஞ்சா அடுத்த வீட்டு அடுப்புத் தணலக் கையிலயே வாங்கிட்டு வர்ற பொம்பளைங்க."

உண்மைதான். லயத்தில் அதைச் சரஸ்வதியே பார்த்திருக்கிறாள். உள்ளங்கையில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் தணலை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். சூடான கண்ணாடியைத் தூக்க அப்படிப்பட்ட கைதான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் ஒரு சின்னப் பெருமையும் வந்தது.

பதினொரு மணிக்கு அவளே பூவம்மாவின் லயத்து அறைக்குள் நுழைந்தாள். அரிசிப் பானையைக் கவிழ்த்தாள். துணி மூட்டையை உதறினாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"பாருங்கம்மா. தொட்டிலயும் பாருங்க. புள்ளயத் தூக்கிக்கிறேன்." பூவம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது.

அடுத்த அறை வடிவம்மா கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். "பானைக்குள்ள கைய விட்டாச்சு. இனி அவ வயித்தக் கிழிச்சுத்தான் பாக்கணும்."

யாரோ சிரித்தார்கள். சரஸ்வதிக்குக் காது சுட்டது. அறையில் எதுவும் இல்லை.

இறைந்து கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளிவிட்டு, பூவம்மா அணைந்த அடுப்பைப் பார்த்தாள். குழந்தை அழுதது. வடிவம்மா தன் அடுப்பிலிருந்து ஒரு தணலைத் தள்ளிக் கொடுத்தாள். பூவம்மா சாம்பலோடு அதை வாங்கினாள். வாங்கிய கையில் அதை வைத்திருக்கவில்லை. இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே ஓடிவந்து அடுப்பில் போட்டாள். பிறகு உள்ளங்கையை ஊதிக்கொண்டாள்.

சரஸ்வதி வாசலிலேயே நின்று பார்த்தாள். "சுடுதா?"

"சுடாம? தோலுதான காஞ்சு கெடக்கு, உசுரா காஞ்சு போச்சு?"

அடுப்பின் வெக்கையில் பூவம்மாவின் முன்கை வேர்த்திருந்தது. வெளிறிய படையின் மேலும் பொடிப்பொடியாக வேர்வை நின்றது. அதில் பூனை முடியும் இருந்தது. சரஸ்வதி தன் முந்தானையின் நுனியால் அங்கே மெல்ல உரசினாள். பூவம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கூசுதும்மா."

சரஸ்வதி இறங்கி நடந்தாள்.

பகல் ஒரு மணி. விளக்கு அணைந்து தட்டு ஆறியிருந்தது. தகடுகள் இருந்த இடத்தின் ஓரத்தில், தகரத்தோடு தகரமாக, வெங்காயச் சருகு போல ஏதோ ஒட்டியிருந்தது. காலையில் அவள் கண்ணில் அது படவில்லை. ஊசியால் மெல்லப் பெயர்த்து, ஒரு சொட்டு நீர் விட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

அது தோல்தான். உழுத வயல் போல வரப்பு வரப்பாக ஓடியது. வரப்புகளின் முகட்டில் வரிசையாக வேர்வைக் குழிகளின் வாய்கள். விரல் நுனித் தோல்.

கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் தோலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். வரப்புகளின் இடுக்கெல்லாம் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கும்; எந்தச் சோப்புக்கும் போகாது. இதில் கறுப்பு இல்லை. இடுக்கில் இலேசாகச் சிவப்புத்தான் தெரிந்தது. பல மாதங்களாகப் படிந்த சாயச் சிவப்பு.

ஊசியால் அதைப் புரட்டிப் பார்த்தாள். மேலே சருகு போன்ற செத்த தோல். அதோடு சேர்ந்து, அடியில் இருக்கும் உயிர்த்தோலும் வெந்து வந்திருந்தது. சுடுகிறது என்று அறிந்த விரல் மேல் சருகோடு தப்பித்துவிடும். பிடித்த தகட்டையும் கீழே போட்டிருக்கும். இந்த விரல் அவசரப்படவில்லை. உயிர்த்தோல் வெந்து ஒட்டும்வரை அங்கேயே இருந்திருக்கிறது. சூட்டை மேலே சொல்லியனுப்பும் நரம்பு அந்த விரலில் செத்துக் கிடந்தது. அது எந்த நோயின் வேலை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சாயத்தைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். சரஸ்வதி தன் பத்து விரல்களையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு வருஷமாகவே லிங்கம் கொதிக்கும் தேத்தண்ணித் தம்ளரை அப்படியே பிடித்துக் குடித்தார். அதைப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளாக அவர் முழங்கைக்குக் கீழே ஒரு துணிக்கட்டு. ரோஜா முள் என்றார். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படுக்கையில் அவர் கைமேல் கை வைப்பாள். அவர் திரும்புவதில்லை. தன் கை அவருக்கு வேண்டாததாகிவிட்டது என்று வெட்கிச் சுவர்ப்பக்கம் புரண்டு படுப்பாள்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். தகடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சந்தேகமே போதும், அந்தப் பெண்ணை அனுப்பிவிடலாம் என்றார். பூவம்மா குழந்தையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள். கங்காணி தலையாட்டினார். லிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இப்போதாவது பேசுவாரென்று சரஸ்வதி காத்திருந்தாள். அவர் பேசவில்லை.

"பூவம்மா எடுக்கலைங்க," என்றாள் சரஸ்வதி.

மைக்ராஸ்கோப்பில் இருந்ததை டாக்டருக்குக் காட்டினாள். கறை இல்லாத வரப்பு, சிவப்புச் சாயம், வெந்து ஒட்டிய உயிர்த்தோல். பெருவியாதிப் படை வேர்க்காது, கூசாது; இது வேர்க்கிற படை, கூசுகிற படை, வெறும் தேமல்தான் என்றாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"தட்டுல ரெண்டு தகடு இருந்துச்சு. ஒன்னு கெட்டா இன்னொன்னுன்னு அவரு சொன்னாரு, நம்பிட்டேன். ரெண்டாவது பூவம்மாவோடது இல்ல. ரோஜா முள்ளுன்னு கட்டுப் போட்டிருக்கிற கையிலேருந்து எடுத்தது. சூடு சமமாப் படணும்னு நான்தான் ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன். டாக்டர் இன்னைக்கே வாறாருன்னு கங்காணி சத்தம் போட்டதும், எது யாருதுன்னு அவருக்குத் தெரியல. ரெண்டையும் எடுத்துட்டாரு." அவள் கணவரைப் பார்த்தாள். "கைய வெளிய எடுங்க."

லிங்கம் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் பச்சையாக உரிந்திருந்தன. அந்த விரல்களாலேயே இரண்டு தகடுகளையும் பிடித்து மேசைமேல் வைத்தார். முகத்தில் வலியின் சாயலே இல்லை.

"உங்கிட்டகூடச் சொல்ல வாய் வரல, சரசு. ஒரு நாள் தள்ளிப் போனா யோசிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"அவளுக்குக் கைப்புள்ள இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

லிங்கம் தகடுகளை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் முதல் தகட்டைப் பார்த்தார். சுத்தம் என்றார். இரண்டாவதை நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து, சன்னலருகே போய் நின்றுகொண்டார்.

பூவம்மா குழந்தையோடு வெளியேறப் போனாள். சரஸ்வதி நடையில் அவளை மறித்தாள். "மன்னிச்சுக்க, பூவம்மா."

"இங்க யாருக்கும்மா கேக்கும்?" பூவம்மா நிற்காமலே சொன்னாள். "பத்துப் பேர் பாக்கத்தான என் பானையக் கவுத்தீங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து சொல்லுங்க."

"வர்றேன்."

கங்காணியும் டாக்டரும் முற்றத்தில் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். லிங்கத்தை எப்போது அனுப்புவது, எந்த ரயிலில் அனுப்புவது என்று. லிங்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அது சீக்கிரம் போகாது என்றும் தெரிந்தது. ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.

கையை மெல்ல மேலே நகர்த்தினாள். மணிக்கட்டு. முன்கை. துணிக்கட்டு. முழங்கையைத் தாண்டி, தோளுக்குச் சற்றுக் கீழே அவள் விரல்கள் வந்தபோது, லிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார்.