இடுப்பில் இல்லாத பாக்குவெட்டி

ஜெயசுதாவின் சடையிலிருந்து தண்ணீர் சொட்டுவதை முதலில் பார்த்தவள் அபிநயாதான். பார்லர்காரி சூடாகக் காற்றடித்து உலர்த்தி, அதன்மேல் முழம் முழமாக மல்லிகை சுற்றிய சடை அது. நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மேடைக் கம்பளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கள்ளக்குறிச்சி மண்டபத்தின் பன்னீர், சாம்பார், ரோஜா மாலை வாசனை எல்லாவற்றையும் மீறிக்கொண்டு பாசி பிடித்த பாறையின் வாடை வந்தது.

தோழிப்பெண் வேலை என்றால் சும்மாவா? நாளைக் காலை தாலி ஏறும்வரை மணப்பெண்ணை விட்டு அகலக்கூடாது. இன்று மாலை வரவேற்பு. குடும்பம் குடும்பமாகப் படம் பிடிக்க மேடை ஏறுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அக்காவின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, பரிசுப் பெட்டியை வாங்கி வைத்து, மறுபடி பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டும். சிரித்துச் சிரித்து அபிநயாவுக்குத் தாடை கழன்றுவிடும் போலிருந்தது. பாழாய்ப்போன இந்தப் பட ஆசையால்தான் எல்லாம்.

காலையில் நலங்கு வைத்ததும், அந்த மஞ்சளோடு பெண்ணை அருவியில் நிற்கவைத்து எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று புகைப்படக்காரர் தமிழ்வேந்தன் ஆசை காட்டினார். நலங்கு வைத்த பெண் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்று ஜெயசுதாவின் அம்மா விஜயலட்சுமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே? கடைசியில் மகளின் இடுப்பில் ஓர் இரும்புப் பாக்குவெட்டியைச் செருகிவிட்டு, தன் தங்கை மகளான அபிநயாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மஞ்ச வாசத்துக்கு எதுனா பின்னாலயே வந்துகினு இருக்கும்டி. இரும்பு மட்டும் இடுப்ப வுட்டு எறங்கக் கூடாது. உன்ன நம்பித்தான் அனுப்புறேன்.”

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையேறி அருவிக்குப் போனார்கள். நனைந்த புடவையில் பாக்குவெட்டி துருத்திக்கொண்டு தெரிகிறது என்றார் தமிழ்வேந்தன். ஒரு நிமிஷம்தானே என்று அபிநயாவே அதை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அக்கா நீர்த்திரைக்குப் பின்னால் போனாள். கூப்பிட்டும் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே வந்தாள். திரும்பும் வழியெல்லாம் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று அபிநயா நினைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் கண்ண மூடிர்றீங்க. பொண்ணப் பாருங்க, ஒரு தடவகூட இமைக்கல,” என்று தமிழ்வேந்தன் மெச்சினார். மேடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பளிச். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். பளிச். அபிநயா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஜெயசுதாவின் இமை அசையவே இல்லை.

பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? இரும்பை நான்தான் எடுத்தேன் என்றா? பையைத் திறந்து, பாக்குவெட்டியை முந்தானைக்குள் மறைத்து நீட்டினாள்.

“அக்கா, இத இடுப்புல சொருவிக்கக்கா.”

மணப்பெண் கேமராவைப் பார்த்தபடியே சற்று விலகினாள்.

“நீயே வச்சிக்க.”

குரல் அக்காவுடையதுதான். ஆனால் உதடு அசையவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது.

மண்டபத்து விளக்குகள் மங்கின. எதிர்ச் சுவரின் பெரிய திரையில், பகலில் மலையில் எடுத்த படங்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் கைதட்டியது. மஞ்சள் பூசிய ஜெயசுதா. பாறைமேல் ஜெயசுதா. நீர்த்திரைக்குள் போகும் ஜெயசுதா.

கடைசிப் படம். சிரித்துக்கொண்டே வெளியே வருகிறாள்.

அவளுக்குப் பின்னால். ஓரமாக. தண்ணீருக்குள்.

இன்னொரு ஜெயசுதா.

முகமெல்லாம் மஞ்சள். வாய் அலறலில் பிளந்திருந்தது. ஒரு கை வெளியே நீண்டிருந்தது. இன்னொரு கை இடுப்பில், பாக்குவெட்டி இருந்த இடத்தில், தேடிக்கொண்டிருந்தது.

அபிநயாவின் கையிலிருந்து இரும்பு நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. அந்த நொடியே அவள் விரல்களுக்குள் ஈர விரல்கள் நுழைந்தன. சில்லென்று. இறுக்கமாக.

“தங்கச்சி, இன்னும் ஒட்டி நில்லுங்க,” என்றார் தமிழ்வேந்தன். “சிரிங்க.”

பளிச்.

இமைக்காத கண்கள் கேமராவை விட்டு, முதல்முறையாக, அவள் பக்கம் திரும்பின.