தடிக்குழல், மெலிசுக்குழல்

மூடுபனி கலையாத ஒரு காலையில், சலவைக்கடைக்கு மேலே இருந்த துப்பறிகிறவரின் அறைப் படிக்கட்டில் யாரோ தயங்கித் தயங்கி ஏறி வந்தார்கள். கீழே கடையில் வெந்நீர்த் தொட்டியைப் பற்றவைத்துவிட்டு அப்போதுதான் மேலே வந்திருந்த அவருடைய மைத்துனன் கதவைத் திறந்தான். வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. தலைமுடியெல்லாம் பனித்துளி. கையில் சுருட்டிய இரண்டு காகிதங்கள்.

கடையின் நீராவி பலகைத் தளத்தின் இடுக்குகளில் கசிந்து வந்து அந்த அறையை எந்நேரமும் அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும். அங்கே வந்து உட்காருகிறவர்கள் கோபத்தைக்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள். துப்பறிகிறவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். மைத்துனனுக்கு மட்டும் அவர் அத்தான்.

"எங்க பட்டறைக்காரர் என்னை ஏமாத்திட்டார் சார்" என்றாள் அவள். "நான் துப்பாக்கி சுடுற போட்டிக்குப் போறவ. படுத்துக்கிட்டு சுடுறது, நின்னுக்கிட்டு சுடுறது, ரெண்டுலயும் பேர் குடுத்திருக்கேன். என் துப்பாக்கிக்கு அவர் ரெண்டு குழல் கடைஞ்சு குடுத்தார். தடிக்குழல் ஒண்ணு, மெலிசுக்குழல் ஒண்ணு. அவர் அப்படித்தான் சொல்வார். ரெண்டுல எதைப் போட்டு வர்றேன்னு போட்டிக்காரங்ககிட்ட இந்த வாரம் சொல்லியாகணும்."

"எது நல்லது?" என்று மைத்துனன் முந்திக்கொண்டான்.

"தடிக்குழல் அசையாது, சீக்கிரம் சூடேறாது. ஆனா தூக்கி நிறுத்தினா தோள் கழண்டுடும். மெலிசு தூக்க சுகம். ஆனா அடுத்தடுத்து சுட்டா சூடேறி குறி விலகும். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நேத்து சுட்டுப் பார்த்தா தலைகீழா இருக்கு."

அவள் காகிதங்களை விரித்தாள். நடுவில் கறுப்பு வட்டம். ஒன்றின் பின்பக்கம் 'பாரம்' என்றும் மற்றதில் 'லேசு' என்றும் மையில் எழுதியிருந்தது. லேசில் பத்து ஓட்டைகளும் ஒரு பூவைப்போல நடுவில் குவிந்திருந்தன. பாரத்தில் பாதி ஓட்டைகள் வழிதவறிய ஆட்டுக்குட்டிகள்போல மேலே வலதுபக்கம் சிதறிக் கிடந்தன.

"புதுசா செஞ்ச மெலிசுக்குழல் போட்டியில பேர் வாங்கணும்னு, தடிக்குழலை வேணும்னே கோணலா கடைஞ்சிருக்கார். காலையில பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னாடி கள்ளன்னே சொல்லிட்டு வந்துட்டேன். இதை நிரூபிச்சுக் குடுங்க சார்."

நிதானம் அவசரப்படவில்லை. "சுடும்போதே தெரியலையாம்மா?"

"நேத்தும் இதே பனி. எதிர்ல கறுப்பு வட்டம் மட்டும் கனவுல வர்ற மாதிரி தெரிஞ்சது. முதல்ல தடிக்குழல்ல இடதுபக்கக் காகிதத்துல சுட்டேன். குழலை மாத்திட்டு வலதுபக்கம். அதுல பாதியில தூறல் பிடிச்சுது. பட்டறைக்காரர்தான் காகிதங்களைக் கழட்டிட்டு வந்தார். எனக்கு அலுப்பா இருந்ததால வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். சாயந்திரம் அவர் எங்க வீட்டுக்கு வந்து அக்காகிட்ட குடுத்துட்டுப் போனாராம். காலையில அக்கா எடுத்துக் குடுத்தா."

நிதானம் காகிதங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைகள் வழியே பனியின் வெளுப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். மைத்துனனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பட்டறைக்காரர்தான் அத்தான்! இதுல என்ன யோசனை?"

"மாப்பிள்ளை, காகிதத்தைத் தொட்டுப் பாரு."

மைத்துனன் விரலால் தடவினான். அவன் முகம் மாறியது. "இஸ்திரி போட்டிருக்கு! ஓரத்துல பெட்டியோட மூக்குத் தடம்கூட இருக்கு."

"சாயந்திரம் பட்டறைக்காரரையும் உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் நிதானம். அவள் எழுந்து, சால்வையை இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டு போனாள். வலது கையை அவள் உயர்த்தவே இல்லை.

மாலையில் மறுபடியும் பனி இறங்கியிருந்தது. பட்டறைக்காரர் கிரீஸ் படிந்த சட்டையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்தார். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள். தங்கையின் பக்கத்தில் சாந்தமாக உட்கார்ந்திருந்தாள்.

"குழல்ல கோணல் எதுவும் இல்லை" என்று நிதானம் ஆரம்பித்தார். "காய்ஞ்ச காகிதத்துல தோட்டா போனா ஓட்டை வட்டமா, சுத்தமா விழும். நனைஞ்ச காகிதம் பிஞ்சு விழும். தடிக்குழல்ல சுட்டு முடிச்சப்புறம்தானே தூறல் வந்தது? அப்போ தடிக்குழல் காகிதத்துல பத்தும் சுத்தமா இருக்கணும். அப்படி இருக்கறது 'லேசு'ன்னு எழுதின காகிதத்துல. 'பாரம்'னு எழுதினதுல பாதி சுத்தம், பாதி பிசிறு. பிசிறெல்லாம் கடைசியா சுட்டது. விலகிப் போனதும் அதுதான். சுடச் சுட சூடேறின மெலிசுக்குழலோட வேலை."

தங்கை காகிதங்களைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பார்த்தாள். "அப்போ பேரை மாத்தி எழுதியிருக்கு."

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!" என்று மைத்துனன் பட்டறைக்காரரைப் பார்த்தான்.

"பொறு மாப்பிள்ளை. நனைஞ்ச காகிதத்துல எழுதினா மை ஊறிப் பரவும். இதுல ஒரு எழுத்துகூடப் பரவல. இஸ்திரி போட்டுக் காய வச்சப்புறம் எழுதினது. அதுவும் இவர் தடி, மெலிசுன்னுதான் பேசுவார். கடையறவர் கண்ணுக்கு பருமன்தான் முதல்ல படும். பாரம்னு எழுதணும்னா, அந்தத் துப்பாக்கியைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சுமக்கற தோள் ஞாபகம் வரணும்."

அறையில் நீராவி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அவளே தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான் எழுதினேன். வெளிப்பக்கம் சுத்தின காகிதம் தடிக்குழலோடதுன்னு அவர் சொல்லித்தான் குடுத்தார். நான்தான் மாத்தினேன்."

"ஏன்க்கா?"

"தூக்கத்துல நீ முனகறது உனக்குத் தெரியாது. பக்கத்துல படுத்திருக்கற எனக்குத் தெரியும். தலை வாரக்கூட வலது கையைத் தூக்க மாட்டேங்கற."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். மாசக்கணக்கா கேக்கறேன். ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கான்னு ஒரே பல்லவி. மெலிசுதான் நல்லா சுடுதுன்னு காகிதமே சொன்னா நீ கேப்பேன்னு நினைச்சேன். உனக்கு இவர் மேல கோபம் வரும்னு நினைக்கல." அவள் பட்டறைக்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

தங்கை காகிதங்களை மெல்லச் சுருட்டினாள். கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை என மைத்துனனுக்குத் தோன்றியது. கடைசியில் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, காலையில நான் பேசினது..."

"நாலு பேர் முன்னாடி பேசின. மன்னிப்பும் அங்கேயே வந்து கேளு" என்றார் அவர். குரலில் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. "தோள் வலிக்குதுன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எல்லாரும் நிறுத்துன்னு சொல்வீங்க." அவள் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "படுத்து சுடறதுக்கு மட்டும் போனா?"

"அப்ப தடிக்குழல்தான், சந்தேகமே இல்ல. பாரத்தை முழங்கையும் தரையும் பாத்துக்கும்."

"நின்னு சுடறதுல பேரை எடுத்துடறேன்" என்றாள். சொல்லி முடித்ததும்தான் அழுதாள். அக்கா அவள் இடது தோளில் கை வைத்தாள். வலது பக்கம் தொடவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். தங்கை மறுக்கவில்லை.

போட்டி நாளில் பனியே இல்லை. கடையைச் சாத்திவிட்டு மைத்துனன் போயிருந்தான். தங்கை பாயில் படுத்துக் கன்னத்தைத் துப்பாக்கியோடு சேர்த்ததும், பார்வையாளர் வரிசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு வெடிக்கும், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று மைத்துனனிடம் கேட்டாள்.

"நடுவுல."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமா நடுவுல."

ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். அடுத்த சுற்றுக்குத் தேர்வானவர்களில் கடைசிப் பெயர் தங்கையுடையது. அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். வெயில் கூச, அந்தப் பெயரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள் என்று மைத்துனனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.