மூலை இல்லாத அட்டை

தபால் காலை எட்டு பத்துக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரே ஓர் அஞ்சலட்டை. அங்கே அம்மாவைப் போலவே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் லெவின்ஸ்கி அம்மாவுக்கு எழுதியது.

ஹெஸ்டரின் அம்மா கேம்பிரிட்ஜில் தவளைத் தசைகளை ஆராய்பவர். விடியும் முன்பே ஆய்வகம் போய்விட்டார். வீட்டுக்கு வரும் தபால்தலைகள் எல்லாம் ஹெஸ்டருக்குத்தான். ஆனால், அம்மா பதில் எழுதிய பிறகுதான்.

அன்றைக்கே ஒரு ஜெர்மன் தபால்தலை கொடுத்தால் முக்கோணத் தபால்தலை ஒன்று தருவதாகப் பள்ளித் தோழன் ஆல்ஃபி சொல்லியிருந்தான். ஹெஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தாள். தபால்தலையோடு அட்டையின் மூலையும் கையில் வந்தது. அதை ஆல்ஃபியிடம் கொடுத்து மாற்றிக்கொண்டாள்.

மாலையில் அம்மா நின்றபடியே படித்தார்.

"தசை சூடாகிற கணக்கு சரியா வந்திருக்காம். தவளைங்க சௌக்கியமான்னு வேற கேக்கறார்."

கடைசி வரிக்கு வந்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றது.

"இங்கயே வந்துடறாராம். யூதர்னு சொல்லி அங்க வேலையைப் பிடுங்கிட்டாங்க. ஹார்விச் துறைமுகத்துல நாம போய் நின்னு பொறுப்பேத்துக்கிட்டாத்தான் உள்ள விடுவாங்க. இல்லேன்னா அதே கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. என்னைக்குன்னு எழுதின மூலையைத்தான் காணோம்."

ஹெஸ்டர் ஆல்ஃபியின் வீட்டுக்கு ஓடினாள்.

"மாத்தினது மாத்தினதுதான்," என்றான் ஆல்ஃபி.

"தபால்தலை வேணாம்டா. பின்னாடி இருந்த தாள்?"

"அதுவா? ஊறப்போட்டு உரிச்சாச்சே."

கிண்ணத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. தாளில் ஓர் எழுத்தும் இல்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள்.

"நான்தாம்மா வெட்டினேன்."

அம்மா திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"தந்தி அடிச்சுக் கேக்கலாமாம்மா?"

"வீட்டைக் காலி பண்ணிட்டாராம். எங்கேன்னு அடிக்கிறது?"

ஹெஸ்டர் மூலை போன அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"துறைமுக அதிகாரிக்கு எழுதுவோமா? என்னைக்கு வந்தாலும் அவரை நிறுத்தி வெச்சுட்டு நமக்குத் தந்தி அடிக்கச் சொல்லலாம்ல?"

அம்மா நிமிர்ந்தார். "வர்ற நாள்கூடத் தெரியாதான்னு கேப்பாரே."

"அதை நான் எழுதறேன்."

அம்மாவின் கடிதத்துக்குக் கீழே அவள் எழுதினாள்: 'ஐயா, தேதியை வெட்டியது நான். டாக்டர் லெவின்ஸ்கி சரியாகத்தான் எழுதியிருந்தார். தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஹெஸ்டர், வயது பத்து.'

புதன்கிழமை பதில் இல்லை. வியாழனும் இல்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலே தந்திக்காரரோ என்று ஹெஸ்டர் கதவுக்கு ஓடினாள்.

வெள்ளி காலை தந்தி வந்தது. அம்மா தொப்பிகூடப் போடாமல் ரயிலுக்கு ஓடினார்.

விளக்கேற்றும் நேரத்தில் கதவு திறந்தது. அம்மாவுக்குப் பின்னால், நனைந்த கோட்டுடன் ஒரு மெலிந்த மனிதர். அவர் பெட்டியைத் திறந்து, கயிறு கட்டிய கடிதக் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். டோக்கியோ, லிஸ்பன், கெய்ரோ என்று பல ஊர்களிலிருந்து தபால்தலைகளோடு அவருக்கு வந்தவை.

"எல்லாத்துக்கும் பதில் எழுதியாச்சு," என்றார். "இந்த வீட்டுல கத்தரிக்கோல் யார்கிட்ட இருக்கு?"