ஆதியதிர்வின் சாட்சி

ஆலையில் என் வேலை ஒன்றாம் எண் பம்ப்பிலிருந்து தொடங்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எங்களுடையது. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் உள்ளே வந்து பழைய உப்பளங்களை விழுங்கிய இடத்தில் தூண்கள்மேல் நிற்கிறது. இங்குள்ள ஒவ்வொரு பம்ப்பின் முதுகிலும் சுண்டைக்காய் அளவில் ஓர் எஃகுக் குமிழ் பதித்திருக்கும். நினைவுக்குமிழ் என்று அதற்குப் பெயர். பழைய ஆட்கள் சென்சார் மவுண்ட் என்பார்கள். அதிர்வுமானியை அதன்மேல் வைத்து அழுத்தினால் போதும். எந்த வருடம் செய்தது, யார் பூட்டியது, முதல்நாள் எப்படி அதிர்ந்தது என்று பம்ப் தன் ஜாதகத்தையே ஒப்பித்துவிடும்.

அந்த முதல்நாள் அதிர்வுதான் ஆதியதிர்வு. ஒரு குறையும் இல்லாமல் ஓடியபோது எடுத்தது. இன்றைய அதிர்வு அதிலிருந்து நூற்றுக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மானி சொல்லும். அந்த எண் திடீரென்று குதித்தால் நான் பயப்பட மாட்டேன்; ஏதாவது குப்பை சிக்கியிருக்கும். நாலு, ஐந்து, ஆறு என்று சத்தமில்லாமல் ஏறினால்தான் பயப்படுவேன். உள்ளே பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் துரைசிங்கம் என்ற ஆபரேட்டர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். அலாரம் அடித்துக்கொண்டிருந்த பம்ப்பின் ஆதியதிர்வை அழித்துவிட்டு, அந்த நிமிடம் இருந்த அதிர்வையே ஆதியதிர்வாகப் பதித்துவிட்டான். விலகல் பூஜ்யம் என்று பச்சை விளக்கு பளபளத்தது.

“ஏலே, கூறு இருக்கா உனக்கு? சீக்காளிக்குப் பவுடரைப் பூசி உக்கார வச்சிருக்கியே!”

“அலாரம் தொல்லை தாங்கலக்கா.”

“அது உன்னையத்தாம்ல கூப்பிடுது. வாயப் பொத்திட்டா வலி போயிருமோ?”

சாயங்காலம் வரை அவனை விடவில்லை. ஆதியதிர்வில் கை வைக்கிறவன் கொலைகாரன் என்றுகூடச் சொன்னேன்.

ஆலைக்கு வருமுன்பே நான் இன்னொரு பம்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அது என் வீட்டுக்காரர் இசக்கிராஜனின் நெஞ்சுக்குள் இருக்கிறது. பெருவெயில் ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நாற்பது தாண்டிய பாதிப்பேருக்கு இதயப் பம்ப்தான். கழுத்தெலும்புக்குக் கீழே அதே சுண்டைக்காய்க் குமிழ். காப்பிக்கு முன்னால் மானியை வைத்து அழுத்துவேன். அது குயில்போலக் கூவும்.

“விலகல் நாலு. சாட்சி, ஆவுடைநாயகி.”

ஆவுடைநாயகி அவருடைய முதல் மனைவி. இதயப் பம்ப் முதன்முதலாக ஓடும்போது காயம் ஆறாத நெஞ்சில் மானியைப் பிடிக்க வேண்டியவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். அந்நியர் கை பட்டால் உடம்பு இறுகி அளவு பொய்யாகிவிடுமாம். அப்படிப் பிடித்தவர்தான் சாட்சி. ஆதியதிர்வின் நகல் அவரிடம் இருக்கும். பம்ப் ஓடுகிற வரைக்கும் தினசரி விலகல் அவருடைய போனுக்குப் போகும். விவாகரத்து ஆனாலும் இந்தச் சட்டம் மாறாது. கட்டிய தாலியைக் கழற்றிவிடலாம், சாட்சியைக் கழற்ற முடியாது.

பெயரிலேயே நாயகி. அப்படியானால் நான் யார், பின்னால் கூட்டத்தில் ஆடுகிறவளா? என் வீட்டில், என் மானியில், பல் விளக்கியதும் அவள் பெயரைக் கேட்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவள் கை பட்ட நாளில் அவர் நெஞ்சு நூற்றுக்கு நூறு. என் கையால் தின்று, என் பக்கத்தில் படுத்தெழுந்தும் நாலு குறைகிறது. அந்த நாலும் அவளிடம்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. திரையில் ஆதியதிர்வின் கோட்டைப் பார்த்தால் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு சிற்றலை தெரியும். அது பம்ப்பின் அலை இல்லை; வேகம் மிகவும் குறைவு. நான் பார்த்த எந்த இயந்திரத்திலும் அப்படி ஒன்று கிடையாது. அவளைக் கண்ட சந்தோஷத்தில் நெஞ்சு துள்ளியிருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். என்னிடம் ஒருநாளும் அந்தச் சிற்றலை வந்ததில்லை.

ஐப்பசி பிறந்ததும் எண் ஏறத் தொடங்கியது. ஐந்து. ஆறு. எட்டு. அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார். மாடியேறினால் நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு கடலையே பார்த்தார்.

“ஆளு இங்க இருக்கு, மனசு எங்க இருக்கு?” என்றேன்.

“களைப்பா இருக்கு, செண்பகம்.”

“இருக்கும், இருக்கும். நாயகி தூத்துக்குடிக்கே மாத்தலாகி வந்துட்டாளாம்லா?”

“அப்படியா?” என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் எத்தனை அர்த்தம் கண்டுபிடித்தேன்! தெரியாதவர்போல நடிக்கிறார் என்றேன். நான் இப்படிக் கேட்பேன் என்று தயாராகவே இருந்தார் என்றேன். அவர் சிரித்தார். “உனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஒன்பது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவர் அயர்ந்து தூங்கும்போது மானியை எடுத்தேன். ஆய்வர் உரிமம் உள்ளவள் நான். எந்தக் குமிழும் எனக்குத் திறக்கும். பழையதை அழிக்கவா என்று மானி கேட்டது. அழி என்றேன். புதிய ஆதியதிர்வு பதிந்தது.

“விலகல் பூஜ்யம். சாட்சி, செண்பகவல்லி.”

ஆகா, என்ன நிம்மதி! உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டார். அது பெரிதாகப் படவில்லை. மறுநாளும் பூஜ்யம். அதற்கடுத்து ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஆலையில் இருக்கும்போது போன் வந்தது.

“நான் ஆவுடைநாயகி பேசுதேன். அவுக நல்லாருக்காவளா?”

“ஏன், நல்லா இல்லாமப் போகணுமா?”

“அப்படி இல்ல. எனக்குத் தினமும் வர்ற கணக்கு நின்னு போச்சு. உயிரோட இருக்காவளான்னு… தப்பா நினைக்காதீங்க.”

“இனிமே வராது. நான்தான் சாட்சி.”

“சரி, பம்ப்பை மாத்தியாச்சு போல. நல்லது. கடைசியா ஒம்பது வந்துச்சு. அதுக்கு முந்தி எட்டு, அதுக்கு முந்தி ஆறு. ஏறிக்கிட்டே போகுதேன்னு ஈரக்கொலை நடுங்கிச்சு. நீங்க பம்ப் பாக்கவங்க, உங்களுக்குத் தெரியாததான்னுதான் பேசாம இருந்தேன்.”

என் கையிலிருந்த மானி நழுவித் தரையில் விழுந்தது.

சத்தமில்லாமல் ஏறினால் பேரிங். ஆலையில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது பம்ப்புக்கும் அதைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, என் புருஷன் நெஞ்சில் மட்டும் அது காதலாகத் தெரிந்திருக்கிறது. துரைசிங்கத்தை நான் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி என்மேலேயே விழுந்தது.

“நகல்… உங்ககிட்ட நகல் இருக்கா?” என்று கத்தினேன்.

“இருக்கு. எங்க வரணும்?”

அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நான் போகுமுன்பே அவள் வந்து நின்றாள். தலைகூட வாரவில்லை. என்னைவிட உயரம், அந்த நிலையிலும் அது எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா அவளுடைய நகலை இன்றைய அதிர்வின்மேல் பொருத்திப் பார்த்தார். விலகல் பன்னிரண்டு. “இதுமட்டும் இல்லேன்னா எங்களுக்கே தெரிஞ்சிருக்காது. எல்லாம் சரியா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்” என்றார். உடனே அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

“எங்கூட இருந்தப்ப எட்டுக்குக் கீழ இறங்கினதே இல்ல. தினம் ஒரு சண்டை. உங்களைக் கட்டின மாசமே நாலு. காலைல போனை எடுத்தா அந்த நாலு. எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு நினைக்கீங்க?”



புதிய பம்ப் ஓடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கண்மூடிக் கிடந்தார். மானியைப் புதிய குமிழின்மேல் வைத்தேன். வாழ்நாளெல்லாம் குமிழ் அழுத்திய கை, அன்று வெடவெடவென்று நடுங்கியது. இடக்கையால் வலக்கையைப் பிடித்தும் நிற்கவில்லை. பதிவு முடிந்தது. திரையில் ஓர் ஓரத்தில் சின்னதாக அந்தச் சிற்றலை.

கதவோரம் நின்ற நாயகியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது கை நடுக்கங்க” என்றாள் மெதுவாக. “எனக்கும் அன்னிக்கு நிக்கவே இல்ல. பொழைப்பாவளோ மாட்டாவளோன்னு.”

“கை நடுக்கம் பதிஞ்சிருக்கு. கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கிட்டு மறுபடி எடுக்கலாமா?” என்றார் டாக்டரம்மா.

“வேண்டாம்” என்றேன்.

மானி சாட்சியின் பெயரைக் கேட்டது. நாயகி வாய் திறப்பதற்குள் என் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தி போகுமா?

அவர் வீடு திரும்பியதும் காப்பிக்கு முன்னால் மானியை வைத்தேன். என் கை ஆடவில்லை.

“விலகல் நாலு. சாட்சி, செண்பகவல்லி.”

திரையைப் பார்த்தேன். பம்ப் அப்பழுக்கில்லாமல் ஓடியது. ஆதியதிர்வில் இருந்து இப்போது இல்லாமற்போனது அந்தச் சிற்றலை ஒன்றுதான். எந்த நாலுக்காக இத்தனை வருடம் வெந்தேனோ, அது ஒருத்தி பயந்த பயம். நான் அழுவதைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

“என்னட்டி, கூடவா வந்திருக்கு?”

“இல்ல. நாலு.”

“குறையாதா?”

“குறைய வேண்டாம்” என்றேன்.

பிறகு போனை எடுத்து நாயகிக்கு அனுப்பினேன்: ‘நாலு. நல்லாருக்காவ.’ அனுப்பிய கையை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் என்றால் விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? பொசுபொசுவென்று எரிந்தது எனக்கு. மறுநாளும் அனுப்பினேன்.