பூத்த வயலில் மருந்து

"நிறுத்துங்க வண்டியை!"

மண்பாதையின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள் அவள். தேனீ வளர்ப்பவள். முகவலையைக்கூடக் கழற்றவில்லை. வேனிலிருந்து பதறி இறங்கினான், ட்ரோனில் மருந்தடிக்கும் அந்த இளைஞன்.

"என்னங்க... என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க!"

தேன்பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. சில மட்டும் மல்லாந்து, கால்களை உதறிக்கொண்டு... அவன் முகம் வெளுத்துப்போனது.

"இது... நான் அடிச்ச மருந்தாலயா?"

"பூத்து நிக்கிற வயல்ல பட்டப்பகல்ல அடிச்சா வேற என்ன ஆகும்? கொலைகாரர் நீங்க!"

அவன் மண்டியிட்டு ஒரு தேனீயை உள்ளங்கையில் எடுத்தான். கண்கள் கலங்கியிருந்தன. அடடா, என்ன கண்கள்... இந்த நேரத்தில் இப்படியொரு நினைப்பா! அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"யார் அடிக்கச் சொன்னது?"

"அதோ... அந்த அவரைக்காய் வயல்காரர்."

அது அவள் அப்பாவின் வயல்!

வீட்டில் அப்பா நிமிரவே இல்லை. "புழு காயெல்லாம் துளைக்குதும்மா. மருந்து உன் பெட்டிவரைக்கும் போகும்னு நினைக்கலை..."

"உங்க பூ காயாகிறதே என் தேனீங்களாலதானேப்பா!"

அதன்பின் அப்பாவோடு பேச்சில்லை. மன்னிப்புக் கேட்க அந்த இளைஞன் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவும் இல்லை. அத்தனை வீம்பு!

ஒரு மாலை அப்பாவே வந்தார். "அந்தப் பையன் பூ இருக்கிற வயலுக்கு மருந்தடிக்க மாட்டேங்கிறானாம். பாதிப் பேர் அவனைக் கூப்பிடறதே இல்ல. இப்போ நம்ம வயல்ல பூச்சிப்பொறி கட்டிட்டிருக்கான். நானும் அந்த மருந்தை விட்டுட்டேன்மா... என்னை மன்னிச்சிரு."

அவள் அப்பாவின் கையை இறுகப் பிடித்தாள். பிறகு தூறலில் வயலை நோக்கி ஓடினாள்.

அவரைப் பந்தலுக்கடியில் நனைந்தபடி நின்றான் அவன்.

"பிழைப்பைக் கெடுத்துக்கிட்டு ஏன் இதெல்லாம்?"

"முதல்ல தேனீக்காகத்தான்..." குரல் இறங்கியது. "அப்புறம்... உங்களுக்காக. நீங்க திட்டின அன்னையிலிருந்தே உங்களைப் பிடிச்சுப்போச்சு."

அவள் திகைத்துப்போனாள். "கொலைகாரர்னுல்ல சொன்னேன்?"

"ஆமா. ஆனா 'நீங்க'ன்னு மரியாதையா சொன்னீங்க!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. மழை வலுத்தது. இருவரும் நகரவில்லை.

"எனக்கும்தான்..." என்றாள் மெல்ல. "திட்டின உடனேயே உங்க கண்ணைப் பார்த்துப் பிடிச்சுப்போச்சு. என் மேலேயே வந்த அந்தக் கோபத்துலதான் உங்க போனை எடுக்கலை!"