நாலாம் தாளில் நாலு ஓட்டை

காலை 9.40.

முப்பது இருக்க வேண்டிய தட்டில் இருபத்தொன்பதுதான் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி திரும்பவும் எண்ணினார். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தன. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. அதோடு சரி.

"ஒண்ணைக் காணோமே?"

தகரக் கொட்டகைக்குள் நின்ற நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரு பித்தளைக் கூட்டுக்கா இந்தப் பாடு என்று கேட்கலாம். ஐயா, இது கல்யாண வீட்டு டம்ளர் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கைவிட்ட சரளைக் குழி ஒன்றுக்குள் இருக்கிறது இந்தத் துப்பாக்கி சுடும் கழகம். தோட்டாவுக்குத் தாங்களே மருந்து அடைத்துக்கொள்ள இவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் எத்தனை அடைத்தார்களோ அத்தனைக்கும் போலீஸ் முன்னால் கணக்குக் காட்ட வேண்டும். சுட்டதென்றால் கூடு, சுடாததென்றால் தோட்டா. ஒன்று குறைந்தாலும் அனுமதி போச்சு, கூடவே கேஸு.

"எல்லாரும் பையை மேசை மேல கொட்டுங்க," என்றார் காளீஸ்வரி.

தங்கச்செல்வியின் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் வந்தது. பாதி தின்ற கடலை மிட்டாய் வந்தது. துண்டை உதறியதும் ஒரு முழுத் தோட்டா உருண்டு வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்க நீல நெயில் பாலிஷ்.

"ஐயோ! மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது!"

தங்கச்செல்விக்கு இருபத்து நாலு வயது. காரியாபட்டியில் செல்போன் கடையில் வேலை. மாவட்டத்தில் அவளைப் போலச் சுட ஆள் கிடையாது. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. இந்த மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம், அது அவளுடையது. இப்போது கேஸ் எழுதினால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். நாலு வருஷ உழைப்பு ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும்.

"பாவம், சின்னப் புள்ள," என்றார் கழகச் செயலாளர் இன்பராஜ், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தபடி. அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். "பன்னி வேட்டைக்காரன் எவனாச்சும் ஆசை காட்டியிருப்பான். பாத்து எழுதுங்க மேடம்."

பாத்து எழுதுங்களாம்! அந்த வார்த்தை காளீஸ்வரி காதில் விழுந்தது. ஆனால் அவர் கண் முத்துத்தாயின் மேல் இருந்தது. தோட்டாக்களுக்கு மருந்து அடைத்தவள் அவள்தான். ஐம்பது வயதுக்காரி எட்ட நின்று அந்த நீலத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இம்புட்டு அப்ப மாட்டேனே," என்று முணுமுணுத்தாள்.

காளீஸ்வரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பந்தல்குடிக்காரர். அவர் கடிகாரத்தைக் கழற்றினால் இப்போதைக்குக் கிளம்ப மாட்டார் என்று கான்ஸ்டபிள் தவசிக்குத் தெரியும். தவசி செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார்.

காலை 9.55.

"முத்துத்தாயம்மா, இன்னைக்கு என்ன சோதனை? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

முத்துத்தாய் பத்தொன்பது வருஷம் நூற்பு மில் லேபில் நூலை எடை போட்டவள். அந்தக் கை சும்மா இருக்குமா? தராசில் உட்கார்ந்தால் ஃபேனை நிறுத்திவிடுவாள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை கொதித்தாலும் சரி, காற்று பட்டால் முள் ஆடும் என்பாள். ஒவ்வொரு தோட்டாவையும் இரண்டு தரம் நிறுத்து எழுதி வைப்பாள். ஒன்றைக்கூட அவள் கண்ணால் மட்டும் பார்த்து விட்டதில்லை.

"ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு மருந்து அளவுதான் ஒத்துக்கும் மேடம். கூடுனாலும் குண்டு செதறும், குறைஞ்சாலும் செதறும். அதான் ஆறு அளவுல, அளவுக்கு அஞ்சு தோட்டா அடைச்சேன். அஞ்சும் எந்தத் தாள்ல நெருக்கமா விழுதோ, அந்த அளவ எடுத்துக்குவோம்."

"கலரு எதுக்கு?"

"அளவுக்கு ஒரு கலரு. அடியில கடுகு மாதிரி ஒரு பொட்டு வைப்பேன். எந்தக் கலரு எந்த அளவு, எத்தனாவது தாளுக்குன்னு சுடுறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு அதுலயே நிக்கும். அதான் அடி தெரியாம நானே ஒவ்வொண்ணா துப்பாக்கில போட்டுக் குடுப்பேன். மில்லுல சாம்பிள் பாக்குறதும் அப்படித்தான். சீட்டுல எழுதி, கவர்ல போட்டு, மைதாப் பசையில ஒட்டி செயலாளரு கைல குடுத்துட்டேன். காலைல ஆறரை மணி. எல்லாரும் பாத்தாக."

"பாலிஷ் என்னைக்கு வச்சீங்க?"

"செவ்வாக்கிழம."

அவள் பெட்டி மேசையடியில் இருந்தது. தராசு, ஆறு பாலிஷ் குப்பிகள், அழிக்கிற தண்ணி, நோட்டு. நீளம் சரிபார்க்க மருந்தில்லாமல் செய்த வெத்துத் தோட்டா ஒன்றும் அதில் எப்போதும் கிடக்கும். பழைய சுட்ட கூட்டில் ஒரு குண்டைச் செருகி வைத்தது.

காலை 10.05.

அடுத்தது ஆனந்தகுமார். மாவட்டத்தில் இரண்டாம் இடம். தங்கச்செல்வி போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியவன். இன்பராஜின் அக்கா மகன் வேறு. நீங்கள் இப்போதே அவனைப் பிடித்துவிட்டீர்கள், இல்லையா? காளீஸ்வரியும் முதலில் அவனைத்தான் நினைத்தார்.

"உன் வேலை என்ன தம்பி?"

"டெலஸ்கோப்புல பாத்து எங்க பட்டுச்சுன்னு சொல்றது."

"எத்தனை ஓட்டை?"

"அஞ்சு தாள்ல அஞ்சஞ்சு. நாலாம் தாள்ல நாலு."

"மொத்தம் இருபத்தொன்பது. கூடும் இருபத்தொன்பது. மிச்சம் ஒண்ணு பையில. கணக்கு ஒத்துப் போகுதே?"

"ஒத்துப் போகல மேடம்!" பையன் குரல் ஏறியது. "முப்பதும் அவ சுட்டா. நான் சத்தத்தை எண்ணினேன். நாலாம் தாள்ல மூணாவது குண்டுக்குப் புது ஓட்டை விழல. ரெண்டாவது போன ஓட்டைலயே போயிருச்சு. நான் கத்துனேன்ல, ஏலே செல்வி, ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டேன்னு?"

"ஆமாலே," என்றாள் தங்கச்செல்வி அழுகையோடு.

"நூறு மீட்டர்ல ஒரே ஓட்டையா?" என்று சிரித்தார் இன்பராஜ். "கேக்குறவுக கேணையா இருந்தா என்ன வேணா சொல்லலாம். விடு மாப்ள."

"மாமா, நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

தன் இடம் போனாலும் பரவாயில்லை என்று ஒருவன் போட்டிக்காரிக்குச் சாட்சி சொல்கிறான். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் வயிறு குளிரட்டும்.

காலை 10.15.

"இன்பராஜ் சார், கவரு எங்க?"

"இந்தா, சட்டைப் பையில. ஆறரைக்கு வச்சது, இன்னும் அசையல."

"வேற யாராச்சும் தொட்டாகளா?"

"என் கைய விட்டே போகல மேடம்."

"தாள்களக் கொண்டாந்தது எப்ப?"

"எட்டு முப்பத்தஞ்சு. நாலாம் தாள்ல ஒண்ணு குறையவும், குண்டு சட்டத்துல கிட்டத்துல பட்டுருக்கான்னு பாக்க இவுக மூணு பேரும் திரும்ப மேட்டுக்குப் போனாக. எட்டே முக்காலுக்குப் போயி ஒன்பது அஞ்சுக்கு வந்தாக. நான் இங்க ரிஜிஸ்தர் எழுதிக்கிட்டு இருந்தேன்."

"கூடுகளை அப்ப எண்ணலையா?"

"நீங்க வந்துதான எண்ணணும்?"

காளீஸ்வரி தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

காலை 10.30.

நூறு மீட்டர் தள்ளி மண்மேட்டில் ஆறு மரச்சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மணல் மூட்டைகள் தனித்தனியாக அடுக்கியிருந்தன.

"எதுக்கு தனித்தனியா?"

"ஈயத்தத் திருப்பி எடுக்கணும்ல மேடம்," என்றாள் முத்துத்தாய். "எந்த அளவுக்குக் குண்டு எப்படி நசுங்குதுன்னும் பாப்பேன். நேத்துச் சாயங்காலம் மணலைச் சலிச்சு நானே ரொப்புனேன். அதுக்குள்ள பழசு ஒண்ணு இருக்காது."

"சல்லடை இருக்கா?"

நாலாம் சட்டத்துக்குப் பின்னாலிருந்த மூட்டைகளைத் தவசி அவிழ்த்துக் கொட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் நிழலுக்குப் போகவில்லை. முதல் குண்டு சல்லடையில் தங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

பிறகு வெறும் மணலாக வந்தது. தங்கச்செல்வி உதட்டைக் கடித்தாள். கடைசி மூட்டையில் பாதி போன பிறகு சல்லடை மறுபடி சத்தம் போட்டது.

ஐந்து.

"ஆத்தாடி!" என்று தவசி வீடியோ எடுப்பதையே மறந்து கத்திவிட்டார். நாலு ஓட்டை, ஐந்து குண்டு. அந்தப் பெண் நிஜமாகவே ஒரே ஓட்டையில் இரண்டைச் செலுத்தியிருந்தாள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் தான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று தவசி அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் சொன்னார்.

"அப்ப முப்பதும் சுட்டாச்சு," என்றார் காளீஸ்வரி. "பையில இருந்தது எத்தனாவது தோட்டா?"

காலை 11.00.

கொட்டகையில் முத்துத்தாய் ஃபேனை நிறுத்தினாள். நீலத் தோட்டாவைத் தராசில் வைத்தாள். நோட்டைப் புரட்டினாள். அந்த வரிசையின் எடைகளோடு ஒப்பிட்டாள். குறைந்தது. எவ்வளவு? அந்த வரிசைக்கு அவள் போட்ட மருந்து எவ்வளவோ, அச்சு அசலாக அவ்வளவு.

"உள்ள மருந்தே இல்ல மேடம்!"

காளீஸ்வரி பஞ்சில் அழிக்கிற தண்ணியைத் தொட்டு அடிப்பக்கத்தைத் துடைத்தார். நீலம் போனதும் நடுவில், ஊசி குத்தினால் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு தெரிந்தது. அதில் துப்பாக்கி ஊசி முன்பே குத்திய பள்ளம். எப்போதோ சுட்ட கூடு அது.

"என் வெத்துத் தோட்டா!" முத்துத்தாய் பெட்டியைக் குடைந்தாள். அது இருக்கும் இடம் காலி.

"நீங்க வைக்கிறது கடுகளவு பொட்டு. இதுல அடி முழுக்க அப்பியிருந்துச்சு. பள்ளத்த மறைக்கணும்ல? பாத்தவுடனே நீங்களும் சொன்னீங்க, நான் இம்புட்டு அப்ப மாட்டேன்னு. லேபுக்குப் போனா வெத்துன்னு தெரிஞ்சிரும்தான். ஆனா ரிப்போர்ட் வர மூணு மாசம். தேர்வு நாளை மறுநாள். இதை வச்சவருக்கு அந்த மூணு மாசம் போதும்."

தகரம் வெயிலில் சடசடத்தது.

"ஒரு சந்தேகம்தான் மிச்சம். நாலாம் தாளுக்கு நீலம்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? முத்துத்தாயம்மாவுக்குத் தெரியும். இல்லன்னா கவரப் பிரிச்சவருக்குத் தெரியும்." காளீஸ்வரி கையை நீட்டினார். "கவரக் குடுங்க சார்."

அவர் அதைக் கிழிக்கவில்லை. தண்ணீர் தொட்டு மெல்ல, மெல்லப் பிரித்தார். சீட்டில் 'நாலு – நீலம்' என்று முத்துத்தாயின் கோழிக்கிறுக்கல். ஆனால் எல்லோரும் பார்த்தது சீட்டை அல்ல. ஒட்டியிருந்த மடிப்பின் உள்பக்கத்தில், பசைக்கு நடுவே, நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

"செவ்வாக்கிழமை வச்ச பாலிஷ் இன்னைக்கு ஒட்டாது. இது ஈரத்துல பட்டது. உள்பக்கம் பட்டிருக்குன்னா, கவரு அப்பத் தொறந்து கெடந்திருக்கு. ஆறரைக்கு எல்லாரு முன்னாடியும் ஒட்டுன கவரு. உங்க சட்டைப் பைய விட்டு அசையாத கவரு. நீங்கதான சார் சொன்னீங்க?"

இன்பராஜ் வேட்டி நுனியால் மறுபடி முகத்தைத் துடைத்தார்.

"எட்டே முக்காலுல இருந்து இருபது நிமிசம் இங்க தனியா இருந்தது நீங்க மட்டும்தான். ஒரு ஓட்டை குறையவும் உங்களுக்கு யோசனை வந்துச்சு. கவரப் பிரிச்சு கலரப் பாத்தீங்க. வெத்துத் தோட்டாவுல அப்புனீங்க. பையில போட்டுட்டு ஒரு கூட்ட எடுத்துட்டீங்க. அவசரத்துல ஈர விரலோட கவர ஒட்டுனீங்க. செஞ்சது நீங்கதான், இன்பராஜ் சார். அந்தக் கூடு எங்க?"

இன்பராஜ் வேட்டி மடியை அவிழ்த்தார். பித்தளைக் கூடு ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"உனக்காகத்தான் மாப்ள செஞ்சேன்," என்றார் ஆனந்தகுமாரைப் பார்த்து. "நீ எத்தன வருசம்தான் ரெண்டாவதாவே நிப்ப?"

ஆனந்தகுமார் குனிந்து கூட்டை எடுத்தான். கண் கலங்கியிருந்தது.

"நாலு வருசமா அவளத் தோக்கடிக்கணும்னுதான் மாமா நான் காலைல எந்திரிக்கிறேன். அவ இல்லாத எடத்துல போயி நான் யார ஜெயிக்க?"

கூட்டைத் தங்கச்செல்வியிடம் நீட்டினான். அவள் அவன் தோளில் ஒரு குத்து விட்டாள், அவ்வளவுதான்.

காலை 11.25.

இன்பராஜை ஜீப்பில் ஏற்றினார் தவசி. காளீஸ்வரி கணக்கை முடிக்க உட்கார்ந்தார். இந்தத் தடவை எண்ணியது முத்துத்தாய். நெல் அளக்கிறவர்கள் போல ஒன்று என்று சொல்லமாட்டாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

"...முப்பது."

காளீஸ்வரி கையெழுத்துப் போட்டார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே நாலாம் தாளைக் கையில் எடுத்து, அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஓரம் மட்டும் மயிரிழை அகன்றிருந்தது.

"நல்லா சுட்டிருக்கம்மா," என்றார். "ஞாயித்துக்கெழம நான் டூட்டியில இல்ல. வந்து பாக்கலாமா?"

"வாங்க மேடம்!" என்றாள் தங்கச்செல்வி. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முத்துத்தாய் அதற்குள் தராசைத் துடைத்து வைத்துவிட்டாள். எந்த அளவு என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, நீலம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு அறுபது தோட்டா வேண்டும். அறுபதையும் இரண்டு தரம் நிறுக்க வேண்டும்.

வேர்வை அடங்கட்டும் என்று ஆனந்தகுமார் சுவிட்சைத் தட்டினான். ஃபேன் சுற்றத் தொடங்கியது.

"ஏலே, அத அமத்து," என்றாள் முத்துத்தாய்.